ஒரு பகல், ஒரு கேமரா, புதுச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் புதுச்சேரி போய்வர நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எங்கே தங்கலாம், எங்கே சரக்கு மலிவு என்பதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே வெளிச்சம், தெரு, மனிதர்கள் இவ்வளவுதான்.

காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதாதா? விடியும்போதே அங்கே இருந்தாக வேண்டுமா?

இருந்தாக வேண்டும். புதுச்சேரி கிழக்குப் பார்த்த ஊர். கடல், கடற்கரைச் சாலை, பழைய கலங்கரை விளக்கம், கப்ஸ் கோவில் என்று ஊர்க்காரர் சொல்லும் கிறிஸ்தவ தேவாலயத்தின் முகப்பு எல்லாவற்றுக்கும் நல்ல வெளிச்சம் காலையில்தான். பத்து மணிக்கு ஊருக்குள் நுழைகிறவருக்குக் கிடைப்பது உச்சிவெயிலும் செல்ஃபிக் கூட்டமும்தான்.

ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகும். சூரியோதயம் ஆண்டு முழுக்க 5.40-க்கும் 6.35-க்கும் நடுவில்தான் இருக்கும். மே, ஜூனில் சீக்கிரம், ஜனவரி கடைசியில் தாமதம். வானம் சிவப்பது அதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். ஆக, இரண்டு அல்லது இரண்டரை மணிக்கு வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். எழும்பூரிலிருந்து காலை ரயிலில் வந்தால் சேரும்போது பத்து மணி தாண்டிவிடும். படம் எடுக்க வருகிறவருக்கு அது உதவாது. இரவுப் பேருந்து சரிவரும். காரில் வருவதானால் தூங்கி எழுந்த ஒருவர் ஓட்டட்டும். அந்த நேரத்து ஈ.சி.ஆரில் மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும்.

விடியலுக்குச் சரியான இடம் எது?

எல்லாரும் காந்தி சிலைக்குத்தான் போகிறார்கள். போகட்டும், அதில் தப்பில்லை. சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். சாலையிலிருந்து பார்த்தால் தூண்களுக்குப் பின்னால் வெறும் வானம். வெளிச்ச அளவை வானத்துக்கு வைத்துவிட்டால் தூண்களும் சிலையும் கரிய உருவங்களாக நிற்கும். ஆனால் இந்தப் படம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நடங்கள்.

மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஒரு மாநகரத்தின் முதன்மைச் சாலை ஆளில்லாத மேடையாக உங்களுக்குக் கிடைக்கிறது. நடைப்பயிற்சிக்காரர்கள், சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடும் நாய்கள், கைப்பிடிச் சுவரில் காலைத் தூக்கிப்போட்டு உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள். சாலையின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, தரையோடு கேமராவை வைத்து எடுங்கள். ஈரம் இருந்தால் தெருவிளக்கின் பிரதிபலிப்பும் சேரும்.

டிசம்பரில் சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும். ஜூனில் இடப்பக்கமாக, வடக்கே மீனவர் பகுதியான வைத்திக்குப்பம் பக்கம் ஒதுங்கிவிடும். அந்த மாதங்களில் சாலையின் தெற்குக் கோடியில் நின்று வடக்கே பார்த்தால் கரை முழுவதும் சட்டகத்துக்குள் வரும்.

கடற்கரை என்கிறார்கள், மணலே இல்லையே? ஒரே கருங்கல்லாக இருக்கிறதே?

இருந்த மணல்தான் போய்விட்டது. இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் அணைகள் போட்டார்கள். மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கரைக்கு வரவேண்டிய பங்கு வரவில்லை. அலை மட்டும் வந்து அரித்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். இன்று ‘ராக் பீச்’ என்று படம்பிடித்துப் போடுகிறோமே, அது இப்படி வந்ததுதான். ஐம்பது வயதைத் தாண்டிய ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்த மணலில் விளையாடிய கதையைச் சொல்வார்.

2018-ஐ ஒட்டி, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அதன்பின் அங்கே மணல் திரும்பச் சேர்ந்தது. எனவே ஒரே நடையில் இரண்டு கரைகளையும் எடுக்கலாம். ஒரு பக்கம் கல்லில் மோதித் தெறிக்கும் அலை, இன்னொரு பக்கம் மணலில் வழுக்கிப் பின்வாங்கும் அலை. கல்லில் அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் நுரை கோடு கோடாக வரும். அதற்கு மேல் போனால் எல்லாம் புகையாகிவிடும். எனக்கு அது பிடிக்காது. அலைக்கு ஓர் உருவம் இருக்க வேண்டும்.

கற்களின் மேல் பாசி இருக்கும். முக்காலியைக் கல்லில் வைக்கலாம், ஆள் இறங்க வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். உப்புத் தெறிப்பு லென்சில் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்தது.

கடலுக்குள் நீளும் அந்தப் பழைய பாலம் இன்னும் இருக்கிறதா?

இரண்டு பாலங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது. அதன்பின் தெற்கே கட்டிய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில், கடல் கொந்தளித்தபோது இடிந்து விழுந்தது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதே கோணத்தைத் தேடி வராதீர்கள்.

மஞ்சள் சுவர்கள் என் கேமராவில் மட்டும் எலுமிச்சை நிறமாக வருகின்றன. என்ன செய்வது?

நிறத்தைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்சை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். சட்டகம் முழுக்க மஞ்சளாக இருந்தால் கேமரா அதைத் தவறென்று நினைத்து நீலத்தைக் கூட்டுகிறது. டேலைட்டில் நிறுத்தி வையுங்கள், கடுகு மஞ்சள் கடுகு மஞ்சளாகவே வரும். ரா வடிவத்தில் எடுத்தால் வீட்டுக்கு வந்தும் திருத்தலாம்.

இன்னொரு சிக்கல் ஆட்கள். வெயில் படும் மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினால் சுவரின் நிறம் கன்னத்தில் ஏறும், அதுவும் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும். கணினியில் இதைத் திருத்துவது பெரிய தலைவலி. சுவரை விட்டு நான்கைந்து அடி முன்னால் வரச் சொல்லுங்கள், அல்லது நிழலில் இருக்கும் சுவரைத் தேடுங்கள்.

வெள்ளைத் தூண், வெள்ளைக் கார்னிஸ் இருக்கும் இடத்தில் கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான கட்டடங்கள் நகரெங்கும் சாம்பல் நிறத்தில் வெள்ளை ஓரம் அடித்து நிற்கின்றன. வெளிச்ச அளவு எடுக்க அவற்றைவிட நல்ல சாம்பல் அட்டை கடையில்கூடக் கிடைக்காது.

எந்தத் தெரு, எந்த நேரம்?

பிரெஞ்சுப் பகுதியின் தெருக்கள் கட்டம் போட்டவை. கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுபவை துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுப்ரேன் வீதி முதலியவை. அவற்றை வெட்டிக்கொண்டு போகும் குறுக்கு வீதிகள் கடலில் போய்த் திறக்கும்.

சூரியன் எழுந்த முதல் முக்கால் மணி நேரம் குறுக்கு வீதிகளுக்கு. கடலிலிருந்து வரும் வெளிச்சம் தெருவின் முழு நீளத்துக்கும் பாயும். மேற்குக் கோடியில் நின்று கடலைப் பார்த்தால் சைக்கிளில் வருகிறவரின் நிழல் உங்கள் காலடி வரை நீளும். ஏழரைக்குமேல் வெயில் வீடுகளின் கூரையைத் தாண்டி இறங்கி, இணைத் தெருக்களின் மேற்கு வரிசை வீடுகளில் விழும். காகிதப்பூக் கொடிகள் ஒளிர்வது அப்போதுதான். மாலை மூன்றரைக்குமேல் அதே தெருவின் எதிர்வரிசைக்கு முறை வரும். ஆக ஒரே தெருவுக்கு இரண்டு முறை போவது நேர விரயம் இல்லை.

துய்மா வீதியில் இருக்கும் கப்ஸ் கோவில் 1855-இல் கட்டியது. முகப்பு கடலைப் பார்த்திருக்கும், எதிரே தோட்டத்தில் ழான் தார்க்கின், அதாவது ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை. இதைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஊரின் தெற்குப் பக்கம் ரயில் நிலையம் அருகில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்கா 1907-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சிவப்பு வெள்ளைக் கட்டுமானத்தைவிட உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வரும் ஒளிதான் எடுக்கத்தக்கது. வழிபாடு நடக்கும்போது வேண்டாம்.

சும்மா ஒரு தகவல்: புதுச்சேரி அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரக் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். தூணுக்கு நிழலே விழாது. அதைப் படமெடுக்கிற ஆர்வலர்களும் உண்டு.

இந்தக் கட்டடங்கள் உண்மையில் எவ்வளவு பழையவை?

நினைப்பதைவிடப் புதியவை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் இங்கே குடியேறியது 1674-இல். டச்சுக்காரர்கள் 1693-இல் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். நேர்கோட்டுத் தெருத் திட்டம் அவர்கள் போட்டது. 1761-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று பாரதி பூங்கா இருக்கும் வெளியில்தான் கோட்டை நின்றது. 1765-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர் திரும்பி வந்த பிறகு மறுபடி கட்டியதுதான் நாம் பார்ப்பது. எனவே ‘நானூறு வருடப் பிரெஞ்சு மாளிகை’ என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்.

கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மண்டபம், இன்னும் நல்ல பாடம். 1870-களில் கட்டியது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று எழுதுகிறவர்கள் நிறைய. பழைய கலங்கரை விளக்கம் மட்டும் சொன்ன வயதுக்குச் சரியாக இருக்கிறது. 1836-இல் எரியத் தொடங்கி 1979 வரை வேலை பார்த்தது.

பத்து மணிக்குமேல் வெயில் கொளுத்துகிறதே, கேமராவை மூடிவிடலாமா?

மூட வேண்டாம், வாய்க்காலைத் தாண்டுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிரெஞ்சுப் பகுதிக்கும் தமிழ்ப் பகுதிக்கும் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. கேமராவோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதன் கிழக்குக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே வீடுகள் மதில் எழுப்பி உள்ளே திரும்பி இருக்கின்றன. வெளியே இருந்து கிடைப்பது சுவரும் கதவும். மேற்குக் கரையில் வீடுகள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. திண்ணை, மரத்தூண், அதற்கும் முன்னால் தெருவின் மேல் சாய்த்து இறக்கிய ஓட்டுத் தாழ்வாரம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் வழிப்போக்கன் தெரு முழுவதும் நிழலிலேயே நடந்திருப்பான்.

இந்தத் தாழ்வாரத்துக்குள் உச்சிவேளையில் நடப்பதைக் கவனியுங்கள். வெயில் நேராகத் தெருவில் விழுகிறது. தெரு அதை மேலே திருப்பி அனுப்புகிறது. அது ஓட்டின் அடிப்பக்கத்திலும் சுவரிலும் பட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் மெல்ல வந்து சேருகிறது. கண்குழியில் நிழல் இல்லை, மூக்குக்குக் கீழே கறுப்பு இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் குடையும் விளக்கும் வைத்துச் செய்வது சும்மா கிடைக்கிறது. காலை வெளிச்சம் போய்விட்டதே என்று பிரெஞ்சுப் பகுதிக் கஃபேயில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எங்கே போவது? வைசியாள் வீதி என்று ஊர்க்காரர் சொல்லும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியிலிருந்து தொடங்கலாம். அங்கே ஒரு வரிசை வீடுகளின் முகப்பையும் தாழ்வாரங்களையும் மரபுக் காப்பு முயற்சியில் மீட்டெடுத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது அதற்குக் கிடைத்தது. அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதிக்குப் போனால் பாரதி வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு. அங்கே பச்சையும் நீலமுமாக வேறு நிறங்கள், கம்பி வலைப்பின்னல் பால்கனிகள்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கீழ்த்தளத்தில் மரத்தூணும் முற்றமும், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணி உருண்டைத் தூண்கள். இந்த ஊரின் கதையே ஒரு வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறது. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அதே வீதிக்கும் நேரு வீதிக்கும் இடையில் பெரிய மார்க்கெட். மீன், பூ, கீரை என்று தனித்தனிப் பகுதிகள். கூரை இடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் குறையாமல், ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளுங்கள். மீன்காரம்மாவின் கை சும்மா இருக்காது.

திண்ணையில் இருப்பவர்களைப் படமெடுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கேட்காமல் எடுத்தால் கோபித்துக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. திண்ணை வெளியே இருந்தாலும் அது வீடுதான். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?”, “அம்மா, வீடு ரொம்ப அழகா இருக்கு, எடுக்கலாங்களா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். சரி என்ற உடனே எல்லாரும் தலையை வாரி நேராக உட்கார்ந்து கேமராவைப் பார்ப்பார்கள். அந்தப் படத்தையும் மனதார எடுங்கள், அவர்களுக்கு அதுதான் வேண்டும். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உங்களுக்கு வேண்டியது அதன் பிறகு வரும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நீங்கள் அனுப்பாமல் விட்டதற்கு அடுத்து வருகிற போட்டோகிராபர்தான் பேச்சு வாங்குவார்.

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் மீனவர் பகுதிகளிலும் இதே முறைதான். வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரை எடுக்க எல்லாருக்கும் ஆசை. கேட்டால் சிலர் புன்னகையோடு நிற்பார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது?

அரவிந்தர் ஆசிரமத்துக்குள் அனுமதியில்லாமல் படமெடுக்கக் கூடாது, செல்போனையும் அணைத்து வைக்க வேண்டும். மணக்குள விநாயகர் கோவிலில் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவின் பூக்கடைகளே ஒரு மணி நேரத்துக்குப் போதும். லட்சுமி யானையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் அது இறந்துவிட்டது. சட்டப்பேரவை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் ஆகியவற்றின் வாசலில் காவலர்களை நோக்கிக் கேமராவை நீட்ட வேண்டாம்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

லாஸ்பேட்டை விமான நிலையம் நகரை ஒட்டியே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள் பறக்கவிட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி தேவை. ஒரு நாள் பயணத்தில் அதெல்லாம் நடக்காது. வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

என்ன லென்ஸ் கொண்டுவர வேண்டும்? செல்போன் போதுமா?

தெருக்கள் அகலம் குறைந்தவை. 35 மி.மீ. ஒன்று, கூடவே 85 இருந்தால் நல்லது. மிக அகலக் கோண லென்ஸ் தூண்களை உள்ளே சாய்த்துவிடும், நிமிர்த்த நேரம் ஆகும். செல்போனும் போதும், ஆனால் அகலக் கோணத்துக்கான 0.5-ஐத் தொடாதீர்கள், முதன்மைக் கேமராவால் எடுங்கள். கடல் காற்று ஈரமானது. ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே லென்ஸ் பனிபிடிக்கும், விடியலில் பத்து நிமிடம் அதற்கே போய்விடும். ஊரை நெருங்கும்போதே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

பையைச் சின்னதாக வையுங்கள். இந்த ஊரைக் காலால் நடந்துதான் எடுக்க முடியும். காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

திருமணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டை இங்கே வைக்கலாமா?

வைக்கிறார்கள், நாள்தோறும் வைக்கிறார்கள். சுப்ரேன் வீதியில் ஒரே வாசலுக்கு மூன்று ஜோடிகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வீட்டுக்காரர் பால் வாங்க வெளியே வர முடியாமல் தவிப்பதையும் பார்க்கலாம். விளக்கு, ரிஃப்ளெக்டர், புகைக் குண்டு என்று தெருவை அடைப்பதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், மணமக்களைத் தமிழ்ப் பகுதித் திண்ணையில் உட்கார வையுங்கள். வெளிச்சமும் நன்றாக இருக்கும், ஆயிரம் ஜோடிகளின் ஆல்பத்தில் இருக்கும் அதே கதவும் வராது.

எந்த மாதம் வரலாம்? ஞாயிற்றுக்கிழமையா, வார நாளா?

ஜனவரி, பிப்ரவரி. மழை கழுவிவிட்ட வானம், சாய்ந்த வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும் இந்த ஊரை ஒட்டித்தான். மழை விட்ட இடைவேளைகளில் தெருக்கள் அற்புதமாக இருக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

திருவிழாவென்றால் மாசி மகம். சுற்றுவட்டாரக் கோவில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். கூட்டத்துக்குள் நிற்கத் தெரிந்தவருக்கு ஆண்டின் சிறந்த நாள் அது. ஜூலை 14-இல் பிரெஞ்சுத் தேசிய நாள். 1938-இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னத்தை விளக்கால் அலங்கரிப்பார்கள். மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழ்ப் பெரியவர்கள் வருவதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. எடுக்க வேண்டியவர்கள் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

வார நாள்தான் நல்லது. ஞாயிறென்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் உண்டு. சட்டை, செருப்பு, பழைய புத்தகம், மனிதத் தலைகள். அதைத் தேடி வருகிறவர் மட்டும் ஞாயிறு வரலாம். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

ஆரோவில்லையும் அன்றைக்கே பார்த்துவிடலாமா?

வேண்டாம். இரண்டும் கெடும்.

போவதற்கு முன் பார்த்துக்கொள்ளப் பழைய படங்கள் ஏதாவது உண்டா?

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் கொண்ட தொகுப்பு இருக்கிறது. பெரும்பகுதி தென்னிந்தியக் கோவில்கள், சிற்பங்கள். கட்டடத்தை எப்படி நேராக, நிதானமாக, அளவோடு எடுப்பது என்று கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. பாரதிக்குக் கிடைத்திருக்கும் படங்கள் கைவிரலில் அடங்கும். செல்லம்மாளோடு இருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் இந்த ஊரில் எடுத்ததுதான். 1908 முதல் 1918 வரை அவர் இங்கேதான் இருந்தார்.

மாலை சூரியன் மறைவை எங்கே எடுப்பது?

கடலில் எடுக்க முடியாது, அது ஊருக்குப் பின்னால் மறைகிறது. மாலையில் கடற்கரையில் எடுக்கத்தக்கது நிலா. பௌர்ணமிக்கு முந்தைய நாள் வந்தால் சூரியன் மறைவதற்குச் சுமார் முக்கால் மணி முன்பே நிலா கடலிலிருந்து கிளம்பும். வானத்தில் இன்னும் நீலம் இருக்கும், கலங்கரை விளக்கத்தின் வெள்ளையும் தெரியும். பௌர்ணமியன்று நிலா எழுந்து சற்று மேலே வருவதற்குள் இருட்டிவிடும். நிலா மட்டும் வெள்ளைப் பொட்டாக எரியும்.

நிலா இல்லாத நாளில் நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். திரும்பும் வழியில் மரக்காணம் உப்பளம். ஈ.சி.ஆரை ஒட்டியே பாத்திகள் விரிந்திருக்கும், மேற்கு வானம் முழுவதும் அவற்றின் தண்ணீரில் இறங்கும். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டிய பிறகுதான் இந்தக் காட்சி. நவம்பரில் போனால் வெறும் வெள்ளக்காடு. உப்பு வாரும் வேலை பெரும்பாலும் காலையில் நடப்பதால், மாலையில் குவியல்களும் சாலைப்பக்கம் ஓலை போட்டு மூடிய அம்பாரங்களும்தான் மிஞ்சும். வரப்புகள் சேற்றால் ஆனவை. ஏறி மிதித்தால் இடிந்து ஒரு பாத்தியின் தண்ணீர் அடுத்ததில் கலக்கும், அது அவர்கள் பல நாள் காய்ச்சிய தண்ணீர். சாலையோரத்திலிருந்தே 85-ஐ மாட்டி எடுங்கள். வண்டியைத் தார்ச்சாலையை விட்டு முழுவதுமாக இறக்கி நிறுத்துங்கள், பின்விளக்கு எரியட்டும்.